காக்கை உறவு

எல்லா உயிரும் பசு எனும் ஓரினத்தவே என்று சித்தாந்த நூல்கள் கூறுகின்றன. இதனை ஏட்டிற் கற்றுச் சொல்லால் வழங்குதல் எளிது. வாயிலில் வந்திருந்து கழுத்தைச் சாய்த்து நோக்கும் ஓருயிரினிடத்து அதனைக் கண்டு தெளிதல் அத்துணை எளிதன்று. மயிலைக் கண்டார் முருகப்பெருமான் ஊர்தி என்று மகிழ்வர். கிளியைக் கண்டார் அம்மையின் திருக்கரத்தை நினைவர். காக்கையைக் கண்டாரோ பெரும்பாலும் கையை ஓங்குவர். ஓங்கிய அக்கையே அமாவாசையிலும் திதி நாளிலும் இலையிற் சோறு வைத்துக் 'கா, கா' என்று வருந்தி அழைக்கும். அழைக்குங்கால் அது பிதிரர். சனிக்கிழமையில் அது சனிபகவான் ஊர்தி. கூரையிலிருந்து கரையுங்கால் அது விருந்து வரவுரைக்கும் தூது. மற்றைய நாளெல்லாம் அது குப்பை கிளறும் கரும்பறவை. இத்துணைப் பெயர்களுக்கிடையே காக்கையைக் காக்கையாகவே கண்டு உறவுகொண்டார் மிகச் சிலர்.

அச்சிலருள் ஒருவர் மலேசிய நாட்டுச் சிலாங்கூர் மாநிலத்தில், கிள்ளான் நகரில் வாழும் முதியவர். தமிழ்ப்பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்து ஓய்வுற்றவர். நாடோறும் நீறணிந்து அஞ்செழுத்தோதித் திருமுறை பாராயணம் செய்த பின்னரே உண்ணும் ஒழுக்கமுடையவர். உண்ணுமுன் ஒரு பிடி சோற்றைக் கொல்லை மதிலின்மேல் வைப்பது அவர்தம் அன்னையாரிடமிருந்து வந்த வழக்கம். அன்னையார் தோட்டத்திற் பால்மரம் சீவி வாழ்ந்தவர். வேலை முடிந்து திரும்பியதும், பசியால் கண் இருண்டபோதும், லயத்துக் கூரையின்மேல் ஒரு பிடி வைத்துவிட்டே தாம் உண்ண அமர்வார். ஆசிரியர் பணியிலிருந்த காலத்து அப்பிடி சோறு ஒரு கடனாகவே நிகழ்ந்தது. சோற்றை வைத்தவுடன் மிதிவண்டி ஏறிப் பள்ளிக்கு விரைவார். ஓய்வு பெற்ற பின்னரே, வைத்த சோற்றை உண்பது யார் என்று நின்று நோக்கும் பொழுது அவர்க்கு வாய்த்தது.

வந்தவை பலவற்றுள் ஒன்றை அவர் தனியே அறிந்துகொண்டார். அதன் இடக்காலில் ஒரு விரல் முறிந்திருந்தது. மதிலின்மேல் நடக்குங்கால் சிறிது சாய்ந்து நடக்கும். ஏனையவை அவர் உள்ளே சென்ற பின்னரே இறங்கும். இது மட்டும் அவர் நிற்கும்பொழுதே மூன்று முழத் தொலைவில் வந்தமர்ந்து, சோற்றை நோக்குமுன் அவர் முகத்தை நோக்கும். காய்ந்த ரொட்டித்துண்டு கிடைப்பின் அதனைச் செடித்தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய நீரில் தோய்த்து மென்மையாக்கி உண்ணும். வயிறு நிறைந்தபின் எஞ்சிய வடைத்துண்டைக் கூரையோட்டின் இடுக்கிற் செருகி, ஒரு சருகைக் கொணர்ந்து அதன்மேல் இட்டு மறைத்து, பிற காக்கை கண்டதோ என்று நாற்புறமும் நோக்கும். கண்டதென்று ஐயுற்றால் மீளவெடுத்து வேறிடத்தில் ஒளிக்கும். அண்டைவீட்டு மூதாட்டியார் துடைப்பத்தோடு வந்தால் தென்னைமட்டைக்கு மேலேறும். அம்மூதாட்டியாரே வெறுங்கையோடு வந்தால் இருந்த இடத்தினின்று அசையாது.

இதன் துணிவும் சூழ்ச்சியும் ஆசிரியர் உள்ளத்தை ஈர்த்தன. "இவன் நம்மவன்" என்று அவர் மனைவியாரிடம் நகைத்துக் கூறுவதுண்டு. அந்நகையினுள் மெய்ம்மை இருந்தது. தோட்டத்துச் சிறுவராயிருந்த நாளில் அவர்க்குப் புத்தகம் வாங்கக் காசில்லை. தோட்ட அலுவலகத்துக் குப்பைக்கூடையிலிருந்து கிழிந்த செய்தித்தாள்களை எவரும் காணாது எடுத்துவந்து, இரவில் மண்ணெண்ணெய் விளக்கொளியிற் படித்து, விடியுமுன் கூரையிடுக்கிற் செருகி வைப்பார். கங்காணியார் வரும் வழியும், காவற்காரர் கண்ணயரும் வேளையும் அவர்க்கு மனப்பாடம். பிறர் எறிந்ததிலிருந்து தம் வாழ்வைப் பொறுக்கிச் சேர்த்த ஒருவர்க்கு, பிறர் எறிந்ததைக்கொண்டே வாழும் பறவை அயலாகத் தோன்றவில்லை.

காக்கையின் கூர்மதி சிறுவர் கதையளவில் நிற்பதன்று என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகளும் காட்டியுள்ளன. அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து அறிஞர் ஜான் மார்ஸ்லஃப் என்பாரும் அவர் குழுவினரும் 2006ஆம் ஆண்டில் ஒரு முகமூடியணிந்து சில காக்கைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுத்தனர். பின்னர் அம்முகமூடியணிந்து யார் சென்றாலும் அவை அடையாளங்கண்டு கூக்குரலிட்டுச் சூழ்ந்தன. ஆண்டுகள் கழிந்தும் அவை மறக்கவில்லை. பிடிபடாத காக்கைகளும் அவற்றினின்று அம்முகத்தின் தீமையைக் கற்றுக்கொண்டன. குடத்திற் கல்லிட்டு நீரை மேலேற்றிப் பருகிய காக்கையின் கதையை ஆசிரியர் வகுப்பிற் பன்முறை நடத்தியவர். காக்கைக் குலத்ததாகிய ரூக் எனும் பறவை, நீருள்ள குழாயிற் கற்களையிட்டு நீரை உயர்த்தி, மிதந்த புழுவை எட்டியெடுத்ததை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் 2009இல் வெளியிட்டனர் என்று அறிந்தபோது, பழைய மாணாக்கர் ஒவ்வொருவரிடத்தும் சென்று அதனைச் சொல்ல வேண்டும் என அவர் உள்ளம் விரும்பிற்று.

எனினும் அவ்வுறவை ஆழப்படுத்தியது காக்கையின் வரலாறேயாகும். சாம்பல்நிறக் கழுத்துடைய இவ்வூர்க்காக்கைக்குத் தாயகம் இந்தியா, இலங்கை முதலிய தென்னாசிய நாடுகள். பிரெஞ்சு அறிஞர் வியேலோ என்பார் 1817இல் அதற்குக் 'கார்வஸ் ஸ்பிளெண்டென்ஸ்' என்று பெயரிட்டார்; 'ஒளிர்கின்ற காக்கை' என்பது அதன் பொருள். மக்கள் குடியிருப்பை நீங்கி இஃது எங்கும் வாழ்வதில்லை. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிள்ளான் வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களைப் புழுக்கள் அரித்தன. அவற்றை உண்டொழிப்பதற்கென்று இலங்கையிலிருந்து காக்கைகள் கப்பலிற் கொணரப்பட்டன. பின்னர்க் காப்பித்தொழில் சரிந்தது. அதனிடத்திற் பால்மரம் எழுந்தது. காக்கை தனக்கு வகுத்த வேலையைத் துறந்து அங்காடிக்கும் துறைமுகத்துக்கும் குடிபெயர்ந்தது. 1901இல் சுவெட்டன்காம் துறைமுகமெனத் திறக்கப்பெற்று, 1972இல் கிள்ளான் துறைமுகமெனப் பெயர்மாறிய அத்துறையிலேயே தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரும் வந்திறங்கினர். ஆசிரியரின் பாட்டனாரும் அவருள் ஒருவர்.

முதுமையிலே ஒரு நூலில் இவ்வரலாற்றைப் படித்த அன்று, ஆசிரியர் நெடுநேரம் பேசாதிருந்தார். புழுவுண்ண வந்த பறவையும் மரஞ்சீவ வந்த மனிதரும் ஒரே கடலைக் கடந்தவர். இருவரையும் அழைத்தவர் தோட்டத்துரைமாரே. அழைத்தவர் தம் நாட்டுக்குத் திரும்பிய பின்னும் இருவரும் இம்மண்ணிலேயே தங்கிக் கூடு கட்டினர். அன்றுமுதல் மதிலின்மேல் வந்தமரும் காக்கை அவர்க்குப் பாட்டனாரின் கப்பலிலிருந்து வந்த ஊரார்போலத் தோன்றலாயிற்று. பிதிரர் காக்கையுருவில் வருவர் என்று அன்னையார் கூறியதற்கு இப்படியும் ஒரு பொருளுண்டு போலும் என்று அவர் எண்ணினார்.

தமிழ்ச் சான்றோர் காக்கையை அறியாதவரல்லர். திருவள்ளுவனார் சுற்றந்தழால் என்னும் அதிகாரத்திலேயே காக்கையை எடுத்துக்காட்டினார். உற்றாரோடு உண்ணும் இயல்புக்கு அதனினும் சிறந்த சான்று அவர் கண்டிலர். விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடியமையாலே ஒரு சங்கப் புலவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் எனப் பெயர்பெற்றார். அப்பாட்டுக் குறுந்தொகையில் உள்ளது. அண்மைக்காலத்துச் சுப்பிரமணிய பாரதியாரும் (1882–1921) காக்கையைத் தம் இனத்தோடு சேர்த்துப் பாடினார். ஆசிரியர் இவற்றையெல்லாம் பல்லாண்டு பயிற்றியவர். எனினும் ஓருயிரை உவமையாகப் போற்றுதல் வேறு. அதன் வாழ்விற் பங்குகொள்ளல் வேறு. இவ்வேறுபாட்டை அவர்க்கு விளக்கியது ஒரு கூடு.

தெருமுனையிலுள்ள தூங்குமூஞ்சி மரத்தில் அக்காற்குறைக் காக்கையும் அதன் துணையும் சுள்ளிகளோடு இரும்புக்கம்பித் துண்டுகளையும் பின்னிக் கூடமைத்தன. ஒன்று அடைகாக்க மற்றொன்று இரைதேடிக் கொணர்ந்தது. நாளடைவில் கூட்டினின்று எழுந்த குரல் மாறுபட்டிருந்தது. வெளிவந்த குஞ்சு சிறகெங்கும் வெண்புள்ளி உடையதாயிருந்தது. அது குயிற்குஞ்சு. தம் வீட்டு மதிலிலிருந்து எடுத்துச் சென்ற சோற்றை அக்காக்கை, தன் இனமல்லாத அவ்வாயிலே ஓயாது ஊட்டியதை ஆசிரியர் பலநாள் கண்டார். ஒருநாட் காலை குஞ்சு பறந்துபோயிற்று. அதன்பின்னும் காக்கை இரையை அலகில் ஏந்தி அக்கிளைக்கு வந்து வந்து நோக்கிச் சென்றது.

அண்டைவீட்டார் இதனைக் கண்டு, "இவ்வளவு கெட்டிக்காரப் பறவை ஏமாந்துபோயிற்றே" என்று நகைத்தனர். ஆசிரியர் நகைத்திலர். மனித முகத்தை ஆண்டுகள் கழிந்தும் மறவாத ஓரினம், தன் அடிவயிற்றின் கீழ்க் கிடந்த முட்டையை அயலதென்று அறிந்திலது. இது காக்கைக்கு மட்டும் உள்ள குறையா? உடம்பையும் பொருளையும் புகழையும் தனதென்று அடைகாத்து, தன் உணவை அவற்றுக்கு ஊட்டி, அவை சிறகு முளைத்துப் பறந்த பின்னரும் வெறுங்கிளையைச் சுற்றிவருவது ஆன்மா. 'யான்', 'எனது' என்னும் இரண்டினுட் பட்டுக் கிடத்தல் ஆணவ மலத்தின் தொழில் என்று சிவஞானபோதம் முதலிய நூல்களின் உரைகளில் எத்தனையோ முறை அவர் படித்தவர். அறிவு மிக்க உயிரையும் அது எங்ஙனம் மறைக்கின்றது என்பதை அன்று ஒரு மரக்கிளையிற் கண்டார். அதுகாறும் காக்கையின் அறிவிலே தம்மைக் கண்டு மகிழ்ந்தவர், அதன் மயக்கத்திலும் தம்மைக் கண்டார். அறிவால் வரும் ஒப்புமை உவப்பைத் தரும். மயக்கத்தால் வரும் ஒப்புமை இரக்கத்தைத் தரும். இரண்டுங் கூடிய பின்னரே அவ்வுறவு மெய்யுறவாயிற்று.

மணிவாசகப் பெருமான் சிவபுராணத்துள் தாம் எடுத்திளைத்த பிறவிகளை எண்ணுங்கால் பறவையையும் விடாது எண்ணினார். கன்மத்துக்கேற்ப மாயையினின்று உடம்பு வருகின்றது. இன்று கை பெற்ற உயிர் முன்னர்ச் சிறகு பெற்றிருத்தலும் கூடும். ஆகலின் ஆசிரியர் தம் காக்கையைப் பாட்டனார் ஊரார் என்றது உலக வழக்கு. உடன்பிறப்பு என்றது சித்தாந்த வழக்கு.

உறவென்று கொண்டமையால் அதன் குற்றங்களை அவர் மறைத்தாரல்லர். ஊர்க்காக்கை பிற சிறுபறவைகளின் முட்டையையும் குஞ்சையும் கவர்ந்துண்ணும் இயல்பினது. திருவிளையாடற் புராணத்திற் கரிக்குருவிக்கு உபதேசித்த படலத்தை ஓதுவார் இதனை அறிவர். காக்கை முதலியவற்றால் தலையிற் கொத்துண்டு வருந்திய கரிக்குருவி மதுரையை அடைந்து பொற்றாமரையில் மூழ்கி இறைவனை வழிபட, சோமசுந்தரக் கடவுள் அதற்கு மந்திரம் உபதேசித்து 'வலியான்' என்னும் பெயரும் ஈந்தருளினார். அக்கரிக்குருவி இன்றும் தன் கூட்டின் அருகே வரும் காக்கையைத் துரத்தித் துரத்தி அடித்தலைத் தமிழ்நாட்டு வயல்வெளிகளிற் காணலாம். அப்படலத்திற் காக்கை பகையின் பக்கத்தது. ஆசிரியர் அதனைப் பாராயணம் செய்யும்போதெல்லாம், துன்புற்ற குருவிக்கு இரங்கிய பெருமான் துன்புறுத்திய காக்கைக்கும் பெருமானே அன்றோ என்று எண்ணிச் சிறிது நிறுத்துவார். குற்றமுடைய உறவினரைப் பெற்றிராதார் உலகில் ஒருவருமிலர்.

இவ்வுறவுக்கு ஒரு சோதனை வந்தது. கிள்ளானிற் காக்கைகள் மிகப் பெருகியமையால், துப்பாக்கி வல்லாரைக்கொண்டு அவற்றைச் சுட்டுக் குறைக்கும் முறை பன்முறை மேற்கொள்ளப்பட்டது. சிங்கப்பூரிலும் இது நிகழ்ந்ததுண்டு. ஆப்பிரிக்கக் கீழ்க்கரையிலோ, கப்பல்வழிப் பரவிய இதே இனம் அந்நாட்டுப் பறவைகளை அழிக்கின்றதென்று கண்டு, கென்யா அரசினர் 2024இல் பத்து இலட்சம் காக்கைகளை ஒழிக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தனர். ஏவியவர் எண்ணியதற்கு மேலாகப் பெருகிய ஏவலாளுக்கு வந்த முடிவு இது.

ஒருநாள் வைகறையில் ஆசிரியர் தெருவிலும் வெடியோசை கேட்டது. வீழ்ந்த காக்கையைச் சூழ்ந்து ஏனையவை வானம் அதிரக் கரைந்தன. அவர் பேர்த்தி அஞ்சி எழுந்துவந்து, "தாத்தா, அவைகளை ஏன் சுடுகிறார்கள்?" என்று கேட்டாள்.

"மிகப் பெருகிவிட்டன, அம்மா. நோய் பரவும், பிற குருவிகள் அழியும் என்று அஞ்சுகிறார்கள்."

"அவைகளைப் பெருகவைத்தது யார், தாத்தா?"

ஆசிரியர் விடை கூறாது வெளியே சென்றார். தெருமுனையில் மூடாத குப்பைத்தொட்டிகள். உணவுக்கடையின் பின்புறத்தில் வழிந்துகிடந்த மீன்தலையும் சோறும். விழா முடிந்த கோயிற்புறத்தில் குவிந்த எச்சில் இலைகள். காக்கை கூடு கட்டும் தொகையை நிறுவுவது அதற்குக் கிட்டும் இரையே. இரை குறையாது துப்பாக்கி மட்டும் வெடிப்பின், வீழ்ந்தவற்றின் இடத்தைப் பிற காக்கைகள் விரைவில் நிரப்பும். மீண்டும் துப்பாக்கி வரும். இதனை அறிந்தபோது அவர் செய்யத்தக்கது யாதென்பது விளங்கிற்று. துப்பாக்கியேந்தியவரை வைதல் எளிது. அவர் தம் கடமையைச் செய்தவர். துப்பாக்கிக்குத் தேவையில்லாது செய்தலே உறவினர் கடன்.

அன்று மாலை கோயிலாரைக் கண்டு, அன்னதானத்து எச்சிலிலைகளை அன்றன்றே மூடி அகற்ற ஏற்பாடு செய்வித்தார். கடைக்காரர் வீடுதோறும் சென்று தொட்டிகளை மூடிவைக்கும்படி வேண்டினார். சிலர் அவரிடம், "ஐயா, நாடோறும் காக்கைக்குச் சோறிடும் தாங்களா காக்கையின் வாய்ச்சோற்றைத் தடுப்பது? பிதிர்க்கடனுக்கு இழுக்கன்றோ?" என்று வினவினர். அவர், "அன்போடு வைத்த ஒரு பிடி கடன். அஞ்சாறு பேர் உண்ணும் அளவு சிந்திவிட்டுப் போவது அவற்றை வெடிக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்துவது. பிள்ளையைப் பெருகப் பெற்றுத் தெருவில் விடுவாரைப் பெற்றோர் என்போமா?" என்று மறுமொழி கூறினார். தாமும் ஒரு பிடிக்கு மேல் வைப்பதில்லை. உண்ணும்வரை நின்று, எஞ்சிய பருக்கையைத் துடைத்தெடுப்பது வழக்கமாயிற்று.

வெடியோசை கேட்ட நாள்முதல் அக்காற்குறைக் காக்கை மதிலுக்கு வரவில்லை. வீழ்ந்தவற்றுள் அதுவும் ஒன்றோ, அஞ்சி வேறு தெருவுக்குச் சென்றதோ, எவர் அறிவார்? ஆசிரியர் சிலநாள் சோற்றை வைத்துவிட்டுத் தூங்குமூஞ்சி மரத்தையே நோக்கி நின்றார். மதிலில் வேறொரு இளங்காக்கை, கழுத்தின் சாம்பல்நிறம் இன்னும் தெளியாதது, தயங்கித் தயங்கி வந்தமர்ந்திருந்தது. அவர் பார்வை மரத்தில் இருந்தமையால் அது நெடும்பொழுது காத்திருந்தது. பேர்த்தி, "தாத்தா, இதுவும் பசியோடுதானே வந்திருக்கிறது?" என்றாள். வெறுங்கிளைக்கு இரையேந்தி வந்த காக்கை அவர் நினைவுக்கு வந்தது. 'என் காக்கை' என்று காத்த உறவும் 'எனது' என்னும் கூட்டினுள் வளர்ந்த குயிற்குஞ்சே அன்றோ? அவர் மரத்தினின்றும் கண்ணை மீட்டு, இளங்காக்கைக்கு அஞ்சாதபடி இரண்டடி பின்வாங்கி நின்றார். அது கழுத்தைச் சாய்த்து அவர் முகத்தை நோக்கிற்று, பின்னர் உண்டது.

ஓருயிரின்பால் தொடங்கும் அன்பு அவ்வுயிரோடு நின்றுவிடின் பற்றாம். அதன் வழியே அவ்வினத்துக்கும், அவ்வினத்தின் வழியே எவ்வுயிர்க்கும் பரவின் சீவகாருணியமாம். பரவுதற்கு முதலில் ஓரிடத்திற் பற்றியே ஆகவேண்டும் என்பதும் உண்மை. யாரையும் தனியே அன்பு செய்யாதவர் எல்லா உயிரையும் அன்பு செய்கின்றேன் என்றல் வெறுஞ்சொல். கிள்ளான் நகரத்து ஆசிரியர்க்கு அப்பற்றுக்கோடாக வாய்த்தது, விரல் முறிந்த ஒரு காக்கை. பிறர்க்கு வேறொன்று வாய்க்கலாம். வாயிலில் வந்து முகம் நோக்கும் உயிரை முகம் நோக்கிக் காண்பார்க்கு, எவ்வுயிர்க்கும் உயிராய் நிற்கும் சிவபெருமான் தன்னை மறையான்.